இயற்கையைப் பார்த்து எதிர்கால மோட்டார் சைக்கிளை வடிவமைப்பது எப்படி?

வடிவமைப்பு பயிலும் மாணவர்களிடம் எதிர்கால மோட்டார் சைக்கிள் ஒன்றை இயற்கையைத் தழுவி வரைந்து வரச் சொன்னால், பெரும்பாலான தாள்களில் கழுகின் அலகு ஹெட்லைட்டாகவும், சிறுத்தையின் முதுகு டேங்க்காகவும், தேளின் கொடுக்கு பின்னிருக்கையாகவும் மாறியிருக்கும். பார்க்க விறுவிறுப்பாக இருக்கும் அந்த ஓவியங்களில் பேட்டரி எங்கே இருக்கிறது, சூடு எந்த வழியாக வெளியேறுகிறது, பிரேக் பிடிக்கும்போது முன்சக்கரத்தின் மேல் விழும் பாரத்தை எது தாங்குகிறது என்று கேட்டால் பதில் கிடைக்காது. ஒரு விலங்கின் தோற்றத்தைக் கடன் வாங்குவது எளிது. அந்த விலங்கு தன் உடலைக் கொண்டு தீர்த்துக்கொண்ட சிக்கலைக் கடன் வாங்கப் பொறுமை வேண்டும். இந்த வழிகாட்டி அந்த இரண்டாவது கடனைப் பற்றியது.

இதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. வரைதாள், பென்சில், அளவுநாடா, கெட்டி அட்டை, மாதிரிகள் செய்வதற்கான களிமண், கொஞ்சம் கம்பளி நூல், அளந்து பார்க்க ஓடும் நிலையில் ஒரு பைக், ஒருவருக்கொருவர் உதவ இன்னொரு ஆள் ஆகியவை இருந்தால் தொடங்கிவிடலாம். கணினியில் முப்பரிமாண மாதிரி செய்யத் தெரிந்தவர்களும் முதல் வாரம் அதைத் திறக்காமல் இருப்பது நல்லது என்பது என் கருத்து; திரையில் எல்லா வளைவுகளும் அழகாகத் தெரிந்து நம்மை ஏமாற்றிவிடும்.

பெயரும் உறவும்

முன்னோர் என்ன செய்தார்கள் என்று பார்ப்பதிலிருந்து தொடங்கலாம். 1946இல் இத்தாலியில் பியாஜியோ நிறுவனத்துக்காக வெஸ்பாவை வடிவமைத்த கொர்ராதினோ தஸ்கானியோ விமானப் பொறியாளர். ஓட்டுபவரின் உடையில் எண்ணெய் படக்கூடாது, ஏறி இறங்கும்போது காலைத் தூக்கித் தாண்டக்கூடாது, பஞ்சரான சக்கரத்தை எளிதாகக் கழற்ற வேண்டும் என்ற தேவைகளிலிருந்து அந்த வடிவம் பிறந்தது. முடிந்த வண்டியைப் பார்த்த என்ரிகோ பியாஜியோ அது குளவியைப் போல இருக்கிறது என்று சொன்னதாகவும், இத்தாலிய மொழியில் குளவியைக் குறிக்கும் சொல்லே வண்டியின் பெயராக நிலைத்ததாகவும் சொல்வார்கள். ஆக, குளவியைப் பார்த்து யாரும் வெஸ்பாவை வரையவில்லை. ஒடுங்கிய இடையும் பருத்த பின்புறமும் தேவையால் வந்து சேர்ந்தன, ஒப்புமை அதற்குப் பிறகு வந்தது.

சுஸுகியின் கதை வேறு. 1985 டோக்கியோ மோட்டார் காட்சியில் அந்த நிறுவனம் வைத்த ஃபால்கோரஸ்டிகோ என்ற கான்செப்ட் (எண்ணத்தைக் காட்ட மட்டும் செய்யும் மாதிரி வண்டி), ஒரு வல்லூறின் அறிவியல் பெயரைத் தழுவியது. 1999இல் விற்பனைக்கு வந்த ஹயபுசா, பொரி வல்லூறுக்கான ஜப்பானியச் சொல்லையே பெயராகக் கொண்டது. அந்தப் பறவை இரையின் மேல் பாயும்போது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். பைக்கும் அந்த வேகத்தை எட்டியதால் பெயர் பொருந்திப்போனது. ஆனால் அதன் உருவத்தைத் திருத்தியது காற்றுச் சுரங்கச் சோதனை. தமிழ்நாட்டிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஓசூரில் இயங்கும் டிவிஎஸ் நிறுவனம் 2016 ஆட்டோ எக்ஸ்போவில் அகுலா 310 என்ற கான்செப்டைக் காட்டியது. ரஷ்ய மொழியில் அகுலா என்றால் சுறா. அடுத்த ஆண்டின் இறுதியில் அதுவே அப்பாச்சி ஆர்ஆர் 310 ஆகச் சாலைக்கு வந்தது. அதன் ஃபேரிங்கில், அதாவது காற்றை விலக்கும் வெளி மூடியில், உள்ள செவுள் போன்ற பிளவுகளை வெறும் அலங்காரம் என்று தள்ளிவிட முடியாது, ஏனென்றால் முன்னால் நுழைந்த நீரோ காற்றோ பக்கவாட்டில் வெளியேற வேண்டிய தேவை மீனுக்கும் பைக்குக்கும் பொதுவானது. உங்கள் வரைபடம் இந்த மூன்றில் எந்த வகையைச் சேரும் என்று முதலிலேயே தெளிவாக இருங்கள்: பெயர் மட்டும் உயிரினத்துடையதா, தோற்றமும் அதனுடையதா, அல்லது வேலையும் அதனுடையதா?

சிக்கலிலிருந்து தொடங்குங்கள்

கையில் கிடைக்கும் ஒரு பைக்கை அளப்பது முதல் வேலை. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட தூரமான வீல்பேஸ், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் திரும்பும் அச்சு (தலைக்குழாயின் அச்சு) செங்குத்திலிருந்து சாய்ந்திருக்கும் கோணமான ரேக், அந்தச் சாய்வுக் கோட்டை நீட்டினால் தரையைத் தொடும் புள்ளிக்கும் முன்சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள இடைவெளியான டிரெய்ல், இருக்கையின் உயரம், இரு சக்கரங்களிலும் தனித்தனியாக விழும் எடை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். எடை பார்க்க, ஒரு சக்கரத்தின் அடியில் எடை இயந்திரத்தையும் மற்றதன் அடியில் அதே உயரமுள்ள பலகையையும் வைத்து, ஒருவர் வண்டியை நிமிர்த்திப் பிடித்திருந்தால் போதும். பொதுவான சாலை பைக்குகளில் ரேக் 24 முதல் 27 பாகை வரையிலும், டிரெய்ல் ஏறத்தாழ 90 முதல் 110 மில்லிமீட்டர் வரையிலும், வீல்பேஸ் 1,400 மில்லிமீட்டரை ஒட்டியும் இருப்பதைக் காண்பீர்கள்.

அளந்து முடித்ததும் அந்த வண்டிக்கு இயல்பிலேயே உள்ள சிக்கல்களை எழுதுங்கள். நின்றால் சாய்கிறது. ஓட்டுபவரின் தலையும் தோளும் காற்றைக் கிழித்துச் சுழல வைக்கின்றன. பேட்டரியோ இன்ஜினோ சூடாகிறது. சட்டகம் தேவைக்கு மேல் கனக்கிறது. பள்ளத்தில் இறங்கினால் முதுகெலும்பு அதிர்கிறது. இவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, வண்டி உதிரிகளின் பெயர்கள் எதுவும் வராத ஒரு கேள்வியாக மாற்றி எழுத வேண்டும். “என் ஃபேரிங் எந்த விலங்கைப் போல இருக்கலாம்?” என்பது பயன் தராத கேள்வி. “உயரமும் ஒடுக்கமுமான ஓர் உடல், அசையாமல் நிற்கும்போது விழாமல் எப்படிச் சமாளிக்கிறது?” என்று கேட்டால் நாரை, மனிதன், மதில்மேல் பூனை என்று விடைகள் வரிசையாக வரும். ஒரே கான்செப்டில் ஐந்து சிக்கல்களையும் தீர்க்க முயல்பவர்கள் கடைசியில் ஐந்து விலங்குகளை ஒட்டுப்போட்ட யாளியைத்தான் வரைந்து முடிக்கிறார்கள். கோயில் தூணில் அழகாக இருக்கும் யாளி சாலையில் ஓடாது.

உயிரியலைச் சரிபாருங்கள்

விடையாக ஓர் உயிரினம் கிடைத்ததும் பலர் அவசரப்படுகிறார்கள். அந்த உயிரினம் உண்மையிலேயே அந்த வேலையைச் செய்கிறதா என்று பார்க்காமல் கதையை நம்பிவிடுகிறார்கள். வாகன வடிவமைப்பிலேயே இதற்குப் பெரிய பாடம் ஒன்று இருக்கிறது. 2005இல் மெர்சிடிஸ் பென்ஸ், பவளப்பாறைகளில் வாழும் பெட்டி மீனைப் பார்த்து பயானிக் கார் என்ற கான்செப்டைச் செய்தது. கட்டைபோல் இருக்கும் அந்த மீன் நீரை எளிதாகக் கிழித்துச் செல்கிறது என்பதும், அதன் உடல் விளிம்புகள் அதைத் தானாக நிலைப்படுத்துகின்றன என்பதும் அன்றைய எண்ணம். காரின் காற்றுத்தடை எண் 0.19 என்ற வியப்பான அளவுக்குக் குறைந்தது உண்மை. ஆனால் பத்து ஆண்டுகள் கழித்து வெளிவந்த ஆய்வு, அந்த மீனின் உடல் அப்படியொன்றும் தடை குறைந்தது இல்லை என்றும், அதன் வடிவம் நிலைப்பை விடத் திடீரெனத் திரும்புவதற்கே உதவுகிறது என்றும் காட்டியது. கார் நன்றாக இருந்தது. அது சொன்ன கதைதான் பிழை.

மரங்கொத்திக்கும் இதே கதிதான். அதன் மண்டை ஓடு அதிர்ச்சியை உறிஞ்சிக்கொள்கிறது என்று நம்பி, அதைக் காட்டி ஹெல்மெட்டுகளும் சஸ்பென்ஷன்களும் வரையப்பட்டன. 2022இல் அதிவேகக் காணொளிகளைக் கொண்டு செய்த ஆய்வில், அதன் தலை விறைப்பான சுத்தியலைப் போல இயங்குகிறது, உறிஞ்சுதல் ஏதும் இல்லை என்று தெரிந்தது. யோசித்துப் பார்த்தால் அதுதான் நியாயம். மெத்தை கட்டிய சுத்தியலால் ஆணி அடிக்க யார் விரும்புவார்? மூளை மிகச் சிறியதாக இருப்பதாலேயே அந்த அடியை அது தாங்கிக்கொள்கிறது. அதிர்ச்சியை உறிஞ்சும் பொருள் வேண்டுமானால் மரங்கொத்தியை விட்டுவிட்டு பம்பளிமாஸ் பழத்தைப் பிளந்து பாருங்கள். உயரமான கிளையிலிருந்து விழுந்தாலும் பிளக்காத அந்தக் கனத்த பழத்தின் தோல், வெளியே நெருக்கமாகவும் உள்ளே போகப் போகத் தளர்ந்தும் அமைந்த ஒரு நுரை. முழங்கால் படும் டேங்க்கின் பக்கங்களையும் இருக்கையையும் வடிவமைக்க அந்த வெட்டுமுகம் ஒன்றே ஒரு பாடநூல்.

உருவளவையும் மறந்துவிடக் கூடாது. நீளம் இரண்டு மடங்கானால் பாரத்தைத் தாங்கும் குறுக்குவெட்டின் பரப்பு நான்கு மடங்காகும், எடையோ எட்டு மடங்காகும். பெரிய விலங்கின் எலும்பு சிறியதன் எலும்பைப் பெரிதாக்கியதாக மட்டும் இருக்க முடியாது என்று கலிலியோ 1638இலேயே படம் போட்டு விளக்கினார். எறும்பின் காலை நூறு மடங்கு பெரிதாக்கி, பின்சக்கரத்தைத் தாங்கும் கையான ஸ்விங்ஆர்ம் ஆக்கினால் அது முதல் பள்ளத்திலேயே மடங்கிவிடும். பூச்சியிலிருந்து அமைப்பின் கொள்கையை எடுத்துக்கொள்ளலாம், தடிமனை எடுக்க முடியாது.

சட்டகம்: எலும்பும் மரமும்

இயற்கை நமக்கு மிக அதிகமாகக் கற்றுத்தருவது சட்டகத்தில்தான் என்பதால் இங்கே நிதானமாக நிற்போம். 1866ஆம் ஆண்டை ஒட்டி, சூரிச்சில் ஹெர்மன் ஃபான் மேயர் என்ற உடற்கூறியலாளர் தொடை எலும்பின் தலையை நெடுக்காக வெட்டி, உள்ளே இருந்த மெல்லிய எலும்பு இழைகளின் ஒழுங்கைக் காட்டியபோது, கார்ல் குல்மன் என்ற பொறியாளர் தான் பாரந்தூக்கிகளுக்கு வரையும் தகைவுக் கோடுகளே, அதாவது பாரம் பொருளுக்குள் பாயும் வழிகளே, அவை என்று அடையாளம் கண்டார். பாரம் எந்த வழியாகப் பாய்கிறதோ அந்த வழியில் எலும்பு வளர்கிறது, பாரம் இல்லாத இடத்தில் தேய்ந்துபோகிறது. 1892இல் யூலியஸ் வோல்ஃப் இதை ஒரு விதியாகவே வகுத்தார்.

மரமும் அப்படித்தான். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் கிளாவுஸ் மாத்தெக் என்ற ஆய்வாளர், மரங்கள் தங்கள் மேற்பரப்பில் தகைவு ஓரிடத்தில் குவியாமல் எங்கும் சமமாக இருக்கும்படி வளர்கின்றன என்று காட்டி, அதிலிருந்து பொறியாளர்களுக்கான எளிய வழிகளை உருவாக்கினார். அடிமரம் தரையைத் தொடும் இடத்தில் விரிந்து வேராக மாறும் வளைவை அருகிலிருக்கும் எந்த வேப்ப மரத்திலும் பார்க்கலாம். அது வட்டத்தின் கால்பகுதி இல்லை. தரைப் பக்கம் சட்டென்றும் தண்டின் பக்கம் மிக மெதுவாகவும் வளைகிறது.

அந்த வளைவைக் கணினி இல்லாமலே வரையும் முறை இது. சட்டகத்தில் இரு குழாய்கள் செங்கோணமாகச் சேரும் மூலை ஒன்றைத் தாளில் வரையுங்கள். தலைக்குழாயும் மேல்குழாயும் சேரும் இடமாகவோ ஸ்விங்ஆர்ம் அச்சைத் தாங்கும் தகடாகவோ அது இருக்கலாம். மூலையை அடைத்து 45 பாகையில் ஒரு முக்கோணத்தை வையுங்கள். அதன் சாய்ந்த பக்கத்தின் நடுப்புள்ளியிலிருந்து தொடங்கி, பாரம் ஏறும் குழாயை நோக்கி அதன் பாதிக் கோணமான 22.5 பாகையில் அடுத்த முக்கோணத்தை ஏற்றுங்கள். அதன் நடுப்புள்ளியிலிருந்து 11.25 பாகையில் மூன்றாவது. மூன்று போதும். பிறகு முக்கோணங்கள் சந்திக்கும் முனைகளை மெல்லிய வளைவுகளால் மழுக்கினால், வேரடியின் வளைவு தாளில் இருக்கும். வழக்கமான கால்வட்ட மூலையையும் இதையும் ஒரே அட்டையில் வெட்டி, கையால் வளைத்துப் பாருங்கள். எது எங்கே கிழியத் தொடங்குகிறது என்று விரல்களுக்கே தெரிந்துவிடும்.

முழுச் சட்டகத்துக்கும் இதே சிந்தனையை விரிக்க, முதலில் பாரங்களைக் குறிக்க வேண்டும். ஆளோடு சேர்ந்து 250 கிலோ எடையுள்ள வண்டி, புவியீர்ப்பு முடுக்கத்துக்கு இணையாக வேகம் தளரும்படி பிரேக் பிடிக்கும்போது சக்கரங்களைச் சுமார் 2,450 நியூட்டன் விசை பின்னோக்கி இழுக்கிறது. அதில் பெரும்பங்கு முன்சக்கரத்துக்கே போய், ஃபோர்க்கை நெம்புகோலாக்கித் தலைக்குழாயை வளைக்க முயல்கிறது. அந்த விசை, வளைவில் சாயும்போது வரும் பக்கவிசை, பின்சக்கரச் சங்கிலியின் இழுப்பு, இருக்கையின் மேல் வரும் எடை ஆகிய நான்கையும் அம்புக்குறிகளாக வரைந்து, அவை பேட்டரியையும் மோட்டாரையும் சுற்றிக்கொண்டு எங்கே போய்ச் சேர்கின்றன என்று கோடு இழுங்கள். கோடுகள் நெருங்கும் இடத்தில் உலோகம் தடிக்கட்டும், கோடே போகாத இடத்தில் ஓட்டை விழட்டும்.

இதைக் கணினியிடம் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2016இல் வந்த லைட் ரைடர் சான்று. ஏர்பஸ் குழுமத்தைச் சேர்ந்த ஏபிவொர்க்ஸ் செய்த அந்த மின்சார மோட்டார் சைக்கிளின் சட்டகம், ஸ்கால்மலாய் என்ற அலுமினியக் கலவைத் தூளை லேசரால் உருக்கி, ஆயிரக்கணக்கான மிக மெல்லிய அடுக்குகளாக அச்சிடப்பட்டது. சட்டகத்தின் எடை 6 கிலோ, மொத்த வண்டி 35 கிலோ. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம், சுமார் 60 கிலோமீட்டர் தூரம். 50 வண்டிகள் மட்டுமே செய்யத் திட்டமிட்டு, ஒன்றின் விலையை 50,000 யூரோ என்று அறிவித்தார்கள். கிளைகள் பின்னிய கூடுபோலத் தெரியும் அந்தச் சட்டகத்தின் கிளைகள் உள்ளே குழலாக இருப்பதால் கம்பிகளும் குழாய்களும் அவற்றினுள்ளேயே ஓடுகின்றன. நரம்பும் நாளமும் உடலுக்குள் ஓடுவதைப் போல. எனக்கு அதில் பிடித்தது, யாரும் எலும்பு வரைய முயலாமலே எலும்பு கிடைத்தது என்பதுதான். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்து வலைப்பின்னலை மட்டும் நகலெடுத்து, வழக்கமான குழாய்ச் சட்டகத்தின் மேல் பிளாஸ்டிக் மூடியாக மாட்டுவோரும் இருக்கிறார்கள். அது எலும்பு படம் போட்ட சட்டை.

நிற்கும் உடல், திரும்பும் உடல்

பழமொழியின் மதில்மேல் பூனை எந்தப் பக்கம் குதிக்கும் என்று தெரியாமல் நிற்கிறது. நாம் கவனிக்க வேண்டியது அது விழாமல் நிற்பதை. காலடி நழுவும்போது வால் எதிர்ப்பக்கம் வீசப்படுகிறது, எடை மையம் மதிலுக்கு நேராக மீள்கிறது. யமஹா 2017 டோக்கியோ மோட்டார் காட்சியில் காட்டிய மோட்டோராய்டு என்ற கான்செப்டில், கனமான பேட்டரியே அந்த வாலின் வேலையைச் செய்கிறது. வண்டியின் நெடுக்கு அச்சைச் சுற்றி எடையை அசைத்து, ஸ்டாண்ட் இல்லாமலே அது நிமிர்ந்து நிற்கிறது. அதே ஆண்டு ஹோண்டா காட்டிய ரைடிங் அசிஸ்ட் வேறு வழியில் போனது. சுழலும் கனச் சக்கரங்கள் ஏதும் இன்றி, குறைந்த வேகத்தில் ஃபோர்க்கின் கோணத்தை மாற்றி, முன்சக்கரத்தை இடமும் வலமுமாக நுண்ணிதாகத் திருப்பிக்கொண்டே தன்னை நிறுத்துகிறது. நாம் ஒரே இடத்தில் நிற்கும்போது கணுக்காலில் இடைவிடாமல் நடக்கும் சிறு திருத்தங்களுக்கு இது மிக நெருக்கமானது.

இவற்றில் எதைத் தேர்ந்தாலும் சாய்வை உணரும் உறுப்பு ஒன்று தேவைப்படும். நம் உட்செவியில் ஒன்றுக்கொன்று ஏறத்தாழச் செங்குத்தாக அமைந்த மூன்று அரைவட்டக் குழல்கள் தலையின் சுழற்சியை மூன்று திசைகளிலும் அறிகின்றன. இன்றைய விலையுயர்ந்த பைக்குகளில் இருக்கும் அசைவு உணரியும் மூன்று அச்சுகளில் சுழற்சியை அளக்கிறது. அந்த உணரியை எடை மையத்துக்கு அருகே, அதிர்வு குறைந்த இடத்தில் வரைந்து காட்டுங்கள். கான்செப்ட் தாளில் இதை வரைபவர்கள் குறைவு.

திரும்புவதில் இன்னும் துணிச்சலான எடுத்துக்காட்டு, பிஎம்டபிள்யூ 2016இல் தன் நூற்றாண்டை ஒட்டி வெளியிட்ட மோட்டாராட் விஷன் நெக்ஸ்ட் 100. அதில் முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஒரே துண்டாகச் செல்லும் சட்டகத்தில் கீல் எதுவும் இல்லை. ஹேண்டில்பாரைத் திருப்பினால் முழுச் சட்டகமும் நெளிகிறது, மீனின் உடல் நெளிவதைப் போல. வேகம் கூடும்போது அது விறைத்துக்கொள்ளும் என்பது அவர்களின் எண்ணம். நெளியும் உடலை நீங்களும் வரைய விரும்பினால், எந்தப் பகுதி நெளிகிறது, எது நெளியாது என்பதை இரு வண்ணங்களில் பிரித்துக் காட்டுங்கள். மீனிலும் தலை நெளிவதில்லை. பேட்டரி நெளியக் கூடாத தலை.

காற்றும் சூடும்

காற்றுத்தடையின் விசை வேகத்தின் இருமடிப் பெருக்கமாகவும், அதை வெல்லத் தேவைப்படும் திறன் மும்மடிப் பெருக்கமாகவும் ஏறும். வேகத்தை இரண்டு மடங்காக்கினால் திறன் எட்டு மடங்கு வேண்டும் என்பதால், பேட்டரியில் ஓடும் வண்டிக்கு இது உயிர்நாடியான கணக்கு. மீனையும் பறவையையும் பார்த்து முழு உடலையும் துளி வடிவத்தில் மூடிவிடத் தோன்றும். 1950களின் பந்தய பைக்குகளில் முன்சக்கரத்தையும் சேர்த்து மூடிய ஃபேரிங்குகள் அப்படித்தான் வந்தன. வேகம் கிடைத்தது, ஆனால் பக்கக்காற்று அவற்றைப் பாய்மரம்போலப் பிடித்துத் தள்ளியதால் 1957 பருவத்தோடு பந்தயங்களில் தடை செய்யப்பட்டன. பறவை காற்றோடு சேர்ந்து சாயலாம், பக்கவாட்டில் நகரலாம். இரண்டு சக்கரங்களால் தரையைப் பிடித்திருக்கும் வண்டிக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. ஆகவே மூடும் பரப்பைப் பக்கவாட்டிலிருந்தும் பாருங்கள். பக்கப் பரப்பின் மையம் எடை மையத்துக்கு மிகவும் முன்னால் வந்துவிட்டால் பின்னுக்குத் தள்ளுங்கள்.

சூட்டுக்கு யானையின் காதும் டூக்கான் பறவையின் அலகும் நல்ல ஆசான்கள். டூக்கான் வெப்பமான வேளையில் தன் பெரிய அலகுக்குப் பாயும் இரத்தத்தைக் கூட்டிச் சூட்டை வெளியேற்றுகிறது, குளிரில் குறைத்துக்கொள்கிறது. லித்தியம் பேட்டரியும் மிகு குளிரையும் மிகு சூட்டையும் விரும்பாது என்பதால், எப்போதும் திறந்திருக்கும் துவாரத்தை விடத் திறந்து மூடும் மடல்கள் அதற்குப் பொருத்தம். செவுள் பிளவுகளை வைக்கும்போது காற்று நுழையும் வாய் அழுத்தம் மிகுந்த முன்முகத்திலும், வெளியேறும் பிளவு அழுத்தம் குறைந்த பக்கவாட்டிலும் இருக்க வேண்டும். இடம் மாறினால் பிளவு வழியாகக் காற்று உள்ளே வரும், சுறா மூச்சுத் திணறும்.

குளிர்நீர்க் குழாய்களைக் கிளை பிரிக்க, இரத்த நாளங்களை ஆராய்ந்து செசில் முர்ரே 1926இல் சொன்ன விதி உதவும். சீராக ஓடும் நீரில், தாய்க்குழாயின் ஆரத்தின் மும்மடி, கிளைகளின் ஆரங்களின் மும்மடிகளைக் கூட்டினால் வரும் தொகைக்குச் சமமாக இருந்தால் செலவாகும் ஆற்றல் மிகக் குறைவு. 10 மில்லிமீட்டர் குழாய் இரண்டாகப் பிரிந்தால் கிளை ஒன்று 7.9 மில்லிமீட்டர், அவை மறுபடி இரண்டாகப் பிரிந்தால் 6.3 மில்லிமீட்டர். பேட்டரியின் அடித்தகட்டில் இந்தக் கணக்கோடு கிளை பிரித்தால் அது இலையின் நரம்புபோலத் தானாகவே அமையும்.

தோல், நிறம், முகம்

இவ்வளவுக்கும் பிறகுதான் வெளித்தோற்றத்துக்கு வர வேண்டும். இங்கே சொல்ல அதிகம் இல்லை, ஏனென்றால் உள்ளே எல்லாம் சரியாக அமைந்தால் தோலில் பாதி வேலை முடிந்திருக்கும். ஆஸ்திரியாவின் யோஹாமர் ஜே1 என்ற மின்சார பைக் நத்தையை நினைவூட்டுவது அதன் தடித்த ஓடு போன்ற உடலாலும், கொம்புகள்போல நீண்ட கண்ணாடித் தண்டுகளாலும்தான். வேகத்தையும் பேட்டரி அளவையும் காட்டும் திரைகளை அந்தக் கண்ணாடிகளுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். நத்தையின் கண்ணும் கொம்பின் நுனியில்தான் இருக்கிறது. வேடிக்கையாகத் தோன்றினாலும் அந்த ஒப்புமையில் வேலை இருக்கிறது.

ஹெட்லைட்டை இரண்டாகப் பிளந்து சாய்த்தாலே மனிதக் கண் அதில் சினந்த முகத்தைக் காணும். அதனால் முகம் வரைய மெனக்கெட வேண்டாம், அது வந்துவிடும். மிகையாகச் சினக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். உடல் தகடுகளுக்குக் கார்பன் இழையைத் தவிர ஆளி நாரையும் எண்ணிப் பாருங்கள். நியூயார்க்கின் டார்ஃபார்ம் நிறுவனம் தன் லூனா பைக்கில் அதைப் பயன்படுத்தியது. அந்த நார் அதிர்வையும் நன்றாக அடக்கும். நிறத்தைப் பொறுத்தவரை, மயில் தோகையின் நீலம் சாயத்தால் வருவதில்லை, நுண்ணிய இழைகளின் அடுக்கு ஒளியைச் சிதறவைப்பதால் வருகிறது. நம் நெசவாளர்கள் பாவில் ஒரு நிறமும் ஊடையில் இன்னொரு நிறமும் கொடுத்து மயில் கழுத்து நிறத்தைப் பட்டில் கொண்டுவந்தார்கள். ஆளி நார்த் துணியிலும் அதே உத்தியைச் செய்து, மேலே நிறமில்லாத பூச்சு கொடுக்கலாம். தாமரை இலையைப் பின்பற்றிச் சேறு ஒட்டாத மேற்பரப்பு வேண்டும் என்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அந்த நுண்மேடுகள் துணியால் துடைத்தால் தேய்ந்துபோகும். இலை தேய்ந்தால் புது இலை முளைக்கும், ஃபேரிங் முளைக்காது.

மாதிரியும் சோதனையும்

முதலில் ஐந்தில் ஒரு பங்கு அளவில் பக்கத்தோற்றத்தை அட்டையில் வெட்டி, உள்ளே பேட்டரி, மோட்டார், உணரி, குளிர்நீர்த் தகடு ஆகியவற்றை வண்ணத்தாளில் ஒட்டுங்கள். சக்கரங்களைச் சஸ்பென்ஷனின் முழு நீளத்துக்கும் மேலே ஏற்றிப் பாருங்கள். பின்சக்கரம் இருக்கையில் முட்டுகிறதா என்பது இந்த இடத்தில் தெரியும். அதன்பின் களிமண்ணில் முழு உருவம். ஓட்டுபவரின் உருவத்தையும் அதே அளவில் செய்து ஏற்றாமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள், ஏனென்றால் மோட்டார் சைக்கிளின் உடலில் மிகப் பெரிய, மிக நெளியும் உறுப்பு அந்த மனிதர்தான்.

களிமண் மாதிரியின் மேல் இரண்டு விரற்கடை நீளக் கம்பளி நூல்களை வரிசையாக ஒட்டி, மின்விசிறியின் முன் வைத்துப் பாருங்கள். நூல் உடலோடு படிந்து பின்னோக்கிக் கிடந்தால் காற்று ஒட்டி ஓடுகிறது; துடித்தால், திரும்பினால், அங்கே காற்று பிரிந்து சுழல்கிறது. ஐந்தில் ஒரு பங்கு மாதிரியில் காற்றின் நடத்தை முழு வண்டியோடு ஒத்துப்போக ஐந்து மடங்கு வேகம் வேண்டும் என்பதால், விசிறிச் சோதனை எண்களைத் தராது. எந்த இடத்தில் தொல்லை என்று சுட்டிக்காட்டும், அவ்வளவே. ஓடும் பைக்கின் மேல் அதே நூல்களை ஒட்டி, போக்குவரத்து இல்லாத மூடிய தளத்தில் மெதுவாக ஓட்டிப் பக்கத்திலிருந்து படம் பிடித்து ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகும்.

சக்கரத்தையே விட்டுவிடத் துணிபவர்களுக்கும் இந்தச் சோதனைகள் பொருந்தும். கவாசாகி 2025 ஒசாகா உலகக் கண்காட்சியில் வெளியிட்ட கோர்லியோ, நான்கு கால்களில் மலையேறும் ஊர்தியாகக் கற்பனை செய்யப்பட்டது. 150 சிசி ஹைட்ரஜன் இன்ஜின் மின்சாரம் தர, குளம்புபோல நடுவில் பிளந்த ரப்பர் அடிகள் பாறையைப் பற்றும் என்பது திட்டம். 2050ஆம் ஆண்டை நோக்கிய அந்த எண்ணத்திலும் ஓட்டுபவர் மோட்டார் சைக்கிளில் அமர்வதுபோலவே அமர்ந்து, எடையை மாற்றித் திசை காட்டுகிறார். உங்கள் அட்டை மாதிரியில் சக்கரத்துக்குப் பதில் கால் இருந்தாலும், ஆளின் உருவத்தை ஏற்றி, எடை மையத்திலிருந்து தரைக்கு நேர்கோடு இழுத்து, அது கால்களின் பரப்புக்குள் விழுகிறதா என்று ஒவ்வொரு நிலையிலும் பாருங்கள்.

கடைசியாக, கான்செப்ட் என்று சொல்லித் தப்பிக்க முடியாத சில பொருள்களை வரையுங்கள்: இண்டிகேட்டர்கள், பின்பார்வைக்கு ஒரு வழி, மழைச்சேற்றைத் தடுக்கும் மட்கார்டு, நம்பர் பிளேட். இந்தியச் சாலைக்கு என்று நினைத்தால் சேலைத் தடுப்பும் வேண்டும். பல நல்ல வால்கள் நம்பர் பிளேட்டைத் தொங்கவிட இடம் இல்லாமல்தான் கெட்டுப்போயின, எனவே அதைப் பின்சக்கரத்தின் மட்கார்டிலேயே தாங்கும்படி முதல் அட்டையிலேயே ஒட்டிவிடுங்கள்.